வேக் டிரெஸ்ஸிங் கருவி: கேள்வி பதில்

ஆறாத புண்ணில் ஃபோம் வைத்து, மேலே ஒட்டும் படலம் போட்டு மூடி, குழாய் வழியாகச் சீழையும் நீரையும் உறிஞ்சும் 'வேக்' கருவிகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. நான் கருவிக்காரன், மருத்துவன் இல்லை. புண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை மருத்துவரிடமே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இறுதியாண்டு மாணவர்: உறிஞ்சும் அழுத்தம் 125 மி.மீ. பாதரசம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது, சார்?

பன்றியிடமிருந்து. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் மோரிக்வாஸ், அர்ஜென்டா இருவரும் பன்றிகளின் புண்ணில் சோதித்து 1997இல் வெளியிட்டார்கள். 125 எதிர்மறை அழுத்தத்தில் ரத்த ஓட்டம் ஏறக்குறைய நான்கு மடங்கானது. 400ஐத் தொட்டதும் ஓட்டம் குறைந்துபோனது. ஐந்து நிமிடம் இழுத்து இரண்டு நிமிடம் விட்டால் புதுத் தசை இன்னும் நன்றாக வளர்வதையும் பார்த்தார்கள். ஆனால் ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் நோயாளிக்கு வலிக்கும் என்பதால் பல இடங்களில் தொடர்ச்சியாகத்தான் ஓட்டுகிறார்கள். கேனிஸ்டர் (உறிஞ்சிய நீர் சேரும் டப்பா) இல்லாத சின்னக் கருவிகளில் 80 போதும் என்று வைத்திருப்பதும் உண்டு. எனவே 125ஐ நிரலில் ஆணியடித்து வைக்காதீர்கள், மாற்றுகிற மாதிரி வையுங்கள்.

இன்னொரு மாணவர்: மீன் தொட்டி பம்பைத் திருப்பிப் போட்டு, ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை வைத்துச் செய்யலாமா?

உறிஞ்சும், அதில் சந்தேகமில்லை. இந்தக் கருவியில் ஆகச் சுலபமான பாகமே பம்ப்தான். நிரல் தொங்கிப்போய் பம்ப் நிற்காமல் ஓடினால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? சின்ன டயாஃப்ரம் பம்புகளில் சில 400க்கும் மேலே இழுத்துவிடும். நிரலை நம்பாத ஒரு இயந்திர வால்வு வேண்டும்; அழுத்தம் எல்லை மீறினால் அதுவாகத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும். மேசை மேல் செய்து பாருங்கள். நெறிமுறைக் குழு அனுமதி பெறாமல், 2017 மருத்துவக் கருவி விதிகளைப் பூர்த்தி செய்யாமல் மனிதர் மேல் மாட்டக் கூடாது.

பாலிடெக்னிக் ஆசிரியர்: பாஸ்கல் விதிப்படி மூடிய அமைப்பில் அழுத்தம் எங்கும் ஒன்றுதானே? அழுத்தச் சென்சாரை பம்ப் பக்கத்தில் வைத்தால் போதும். அழுத்தத்தை அளக்க மட்டும் புண் வரைக்கும் இரண்டாவது குழாய் எதற்கு?

சார், குழாயில் காற்று மட்டும் இருந்தால் நீங்கள் சொல்வது சரி. போவது சீழும் நீரும். ஒரு மீட்டர் நீர்த்தம்பம் என்பது சுமார் 74 மி.மீ. பாதரசம். கருவி புண்ணுக்கு அரை மீட்டர் மேலே தொங்கி, குழாய் நிறைய நீர் நின்றால், திரையில் 125 காட்டும்போது புண்ணில் 88தான் இருக்கும்.

அவரே: குழாய் முழுக்க நீர் நிற்பதே இல்லை. துண்டு துண்டாகத்தான் போகும். உங்கள் கணக்கு காகிதத்துக்குத்தான்.

துண்டு துண்டாகப் போவதுதான் பெரிய தொல்லை. ஒரு தெளிவான குழாயை எடுத்து, கட்டில் ஓரத்தில் தொங்குவதுபோல் இரண்டு மூன்று வளைவு விட்டு, சாயம் கலந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பாருங்கள். பம்பை நோக்கி ஏறுகிற பக்கங்களில் நீர் நிற்கும், இறங்குகிற பக்கங்களில் காற்று நிற்கும். அப்போது ஒவ்வொரு ஏற்றத்தின் உயரமும் தனித்தனியாகக் கூடும். இரு முனைகளும் ஒரே மட்டத்தில் இருந்தால்கூட இந்த இழப்பு இருக்கும்.

இடையில் ஒருவர்: அப்படியானால் கருவியைக் கீழே வைத்துவிட்டால் தீர்ந்தது!

தீரவில்லை, திரும்பிக்கொண்டது. அரை மீட்டர் கீழே வைத்துக் குழாய் நிரம்பினால் புண்ணில் 162. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு இது விளையாட்டில்லை.

ஆசிரியர் மறுபடி: சரி, வித்தியாசம் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக விலையை ஏற்றுவதா?

விலை பெரிதாக ஏறாது, சாதாரணக் குழாய் இரண்டை ஒட்டிப் போட்டாலே போதும். அளக்கும் குழாயில் ஓட்டம் இல்லாததால் அதில் சீழ் அவ்வளவாக ஏறாது; அவ்வப்போது துளி காற்றை விட்டுச் சுத்தம் செய்துகொள்ளலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குழாய் அடைத்துக்கொண்டால் பம்ப் பக்கத்துச் சென்சாரில் என்ன தெரியும்? அழுத்தம் அசையாமல் நிற்கும், பம்ப் ஓய்வாக இருக்கும், எல்லாம் அருமை என்று திரை சொல்லும். கசிவே இல்லாத டிரெஸ்ஸிங்கும் அடைத்துப்போன குழாயும் அந்தச் சென்சாருக்கு ஒன்றுதான். அடைப்பின் அந்தப் பக்கம் சீழ் தேங்கிக்கொண்டிருக்கும். புண் பக்கத்தில் ஒரு கண் இல்லாமல் இதைப் பிரித்தறிய முடியாது. பாஸ்கலுக்கு என் மரியாதை உண்டு, விவாதத்தை இதோடு விடுவோம்.

ஒரு செவிலியர்: கேனிஸ்டர் பாதிகூட நிரம்பவில்லை. 'நிரம்பிவிட்டது' என்று கத்துகிறது. கருவி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை, சிஸ்டர். கேனிஸ்டர் வாயில் நீர் புகாத வடிகட்டி ஒன்று இருக்கும். நோயாளியை மாற்றும்போது கேனிஸ்டர் சாய்ந்து அது நனைந்திருக்கலாம். நனைந்தால் காற்று போகாது, கருவியோ நிரம்பிவிட்டதென்று நினைக்கும். கேனிஸ்டரை மாற்றி நேராக நிறுத்துங்கள். அதில் புது ரத்தச் சிவப்பு தெரிந்தால் மட்டும் வேறு யோசனையே வேண்டாம்: கருவியை நிறுத்தி, புண் மேல் அழுத்திப் பிடித்து, டாக்டரைக் கூப்பிடுங்கள்.

வேறொருவர்: மீன் தொட்டி பம்ப்…

மேலே பார்க்கவும்.

ஒரு தொழில்முனைவோர்: கிராமத்துக்கு மின்சாரம் இல்லாத கருவி சாத்தியமா?

நல்ல கேள்வி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டேனியெல் சுரோவ்சிக் என்ற ஆராய்ச்சி மாணவி துருத்தி மாதிரி கையால் அமுக்குகிற பம்ப் ஒன்றை உருவாக்கினார். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு அது அங்கே நோயாளிகளிடம் பயன்பட்டது. சுருள்வில்லால் இயங்கும் கருவிகளும் வந்தன. இவை சொல்லும் பாடம் ஒன்று: சக்தி போவது உறிஞ்சுவதற்கு இல்லை, கசிவை ஈடுகட்டத்தான். ஒட்டுதல் கச்சிதமாக இருந்தால் மிகச் சின்ன பம்பே போதும். விரலிடுக்கிலும் குதிகால் மடிப்பிலும், வியர்வையும் முடியும் உள்ள இடத்திலும்தான் படலம் தூக்கும். பேட்டரியைப் பெரிதாக்கும் முன் ஒட்டும் படலத்தில் பணத்தைப் போடுங்கள்.

ஒருவர்: ஃபோமுக்குப் பதில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச்?

வேண்டவே வேண்டாம். வழக்கமான கறுப்பு ஃபோமின் துளைகள் 400 முதல் 600 மைக்ரான், ஒன்றோடொன்று திறந்திருக்கும். ஸ்பாஞ்ச் பிய்ந்து துண்டு உள்ளே தங்கும். நல்ல ஃபோமிலேயே அது நடக்கிறது. இந்தக் கருவிகளோடு தொடர்புடைய 12 இறப்புகளையும் 174 காயங்களையும் பற்றித் தனக்கு வந்த தகவல்களை 2011இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தொகுத்துச் சொன்னது. மிக மோசமானது ரத்தப்போக்கு. துண்டு தங்கித் தொற்று வந்ததும் உண்டு. எத்தனை துண்டு வைத்தீர்கள் என்று படலத்தின் மேலேயே எழுதிவையுங்கள்.

ஒரு மாணவர்: ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்கும் சக்ஷன் (உறிஞ்சு) இணைப்பில் மாட்டினால் கருவியே வேண்டாமே?

குறைந்த அழுத்த ரெகுலேட்டர் இருந்தால் செய்கிறார்கள். கசிவு, அடைப்பு எதற்கும் அலாரம் கிடையாது. நோயாளி எழுந்து கழிவறைக்குப் போகவும் முடியாது.

ஒரு மகள்: அப்பாவுக்குச் சர்க்கரைப் புண், எலும்பு தெரிகிறது. இந்தக் கருவி போடலாமா?

அறுவை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அம்மா. எலும்பில் சிகிச்சை பெறாத தொற்று இருந்தாலோ, கறுத்த செத்த தசை இருந்தாலோ அதைச் சரிசெய்யாமல் போடக் கூடாது. காலுக்கு ரத்தம் போகிறதா என்பதையும் கேளுங்கள்.

மீண்டும் ஒருவர்: அண்ணா, அக்வேரியம் பம்ப் 12 வோல்ட்டா 6 வோல்ட்டா?

வால்வை முதலில் வாங்குங்கள்.

நோயாளியின் மகன்: ராத்திரி மின்சாரம் போய் பேட்டரியும் தீர்ந்துவிட்டால்?

பொதுவாக ஒரு நாளில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கக் கூடாது. மீறினால் பழைய ஃபோமை எடுத்துவிட்டுச் சாதாரண டிரெஸ்ஸிங் போட வேண்டும். நீங்களே பிரிக்காமல், யார் வந்து எடுப்பார்கள், எந்த எண்ணுக்கு அழைப்பது என்று இன்றைக்கே வார்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.