டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை நாமே அசெம்பிள் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

பாகங்கள் எல்லாம் கைக்கு வந்துவிட்டன, இதுவரை ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்ததுகூட இல்லை, மதியம் உட்கார்ந்தால் ராத்திரிக்குள் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் வீடியோவில் இருபது நிமிடத்தில் முடித்துக் காட்டுவதைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். கை பழகியவருக்குப் பூட்டும் வேலைக்கு ஒரு மணி நேரம் போதும், கேபிள்களை அழகாகக் கட்ட நினைத்தால் ஒன்றரை. முதல் தடவை செய்பவருக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம். அதற்குப் பிறகு விண்டோஸ், டிரைவர், அப்டேட் என்று இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம். நண்பர்களுக்குச் சேர்த்துக் கொடுத்ததையும், அவர்களே சேர்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

பூட்டுகிற வேலை என்று பார்த்தால் அதிகம் இல்லை. ஒரு பிராசஸர், அதன் மேல் ஒரு கூலர், இரண்டு ரேம், ஒரு எஸ்எஸ்டி, ஒரு பவர் சப்ளை, தேவைப்பட்டால் ஒரு கிராபிக்ஸ் கார்டு. பாகங்களை இணைக்கும் பெரிய பலகைதான் மதர்போர்டு; முழு அளவு மதர்போர்டைக் கேபினட்டில், அதாவது வெளிப்பெட்டியில், நிறுத்த வழக்கமாக ஒன்பது ஸ்க்ரூ. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவை வகுத்தது. பலகை 305க்கு 244 மில்லிமீட்டர், துளைகள் இன்னின்ன இடத்தில் என்று அன்றைக்குப் போட்ட கணக்கைத்தான் கம்பெனிகள் இன்றும் பின்பற்றுகின்றன. அதனால் எங்கோ செய்த போர்டு எங்கோ செய்த கேபினட்டில் சொல்லிவைத்தாற்போல் உட்காரும். சால்டரிங் கிடையாது, எதையும் வெட்டவோ தேய்க்கவோ வேண்டியதில்லை. ஒரு பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் போதும், நுனியில் காந்தம் இருந்தால் இன்னும் நல்லது.

அப்படியென்றால் ஆறு மணி நேரம் எங்கேதான் போகிறது? பாதி தயக்கத்தில் போகிறது. "இவ்வளவு அழுத்தலாமா, உடைந்துவிடுமா?" என்ற தயக்கம். மீதியில் பெரும்பகுதி, பூட்டியதைக் கழற்றி மறுபடி பூட்டுவதில். இந்த இரண்டையும் குறைத்தால் முதல் தடவைக்காரரும் மூன்று மணி நேரத்தில் எழுந்துவிடலாம்.

முதலில் அழுத்தம். பிராசஸரை மதர்போர்டில் அதற்கென்று உள்ள சாக்கெட்டில் வைக்கும்போது துளிகூட அழுத்தக் கூடாது. மூலையில் ஒரு சின்ன முக்கோணக் குறி இருக்கும், சாக்கெட்டிலும் அதே குறி இருக்கும். இரண்டையும் ஒரே மூலையில் வைத்து மெல்ல விட்டால் தானாக உட்கார வேண்டும். இப்போது வரும் சாக்கெட்டுகளில் மயிரிழை போன்ற பின்கள் மதர்போர்டில்தான் இருக்கின்றன. இன்டெல் 2004இலேயே இந்த முறைக்கு மாறிவிட்டது, ஏஎம்டி தன் சாதாரண டெஸ்க்டாப் பிராசஸர்களுக்கு 2022இல் ஏஎம்5 சாக்கெட்டோடு மாறியது. ஏஎம்5இல் 1718 பின்கள். ஒன்றிரண்டு வளைந்தாலே போர்டை மாற்ற வேண்டி வரலாம், அதனால் அங்கே விரலே படக் கூடாது. ஆனால் பிராசஸர் உட்கார்ந்த பிறகு அதன் மேல் இரும்புச் சட்டத்தை இறக்கி லீவரைப் பூட்டும்போது நிலைமை தலைகீழ். நன்றாகவே அழுத்த வேண்டும், நறநறவென்று ஒரு சத்தமும் வரும். முதல் தடவை கேட்பவருக்கு வயிறு கலங்கும். பிராசஸர் சரியாக உட்கார்ந்திருந்தால் அந்தச் சத்தத்துக்குப் பயப்படத் தேவையில்லை.

ரேமும் அப்படித்தான். அதன் வெட்டு நடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி இருப்பதால் தப்பான திசையில் நுழையவே நுழையாது. சரியான திசையில் வைத்துவிட்டால், இரண்டு முனைகளிலும் கட்டைவிரல் கொடுத்து 'டக்' என்று கேட்கும் வரை அழுத்த வேண்டும். மதர்போர்டு லேசாக வளைவது தெரியும், பரவாயில்லை. நான் பார்த்த வரையில் புதியவர்கள் ரேமை உடைத்ததே இல்லை. அரைகுறையாக அழுத்திவிட்டு, ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லையே என்று ஒரு மணி நேரம் வேறெங்கோ தேடுவார்கள். 24 பின் பவர் கேபிளுக்கும் இதே பலம் வேண்டும். முன்பக்க யுஎஸ்பிக்குப் போகும் தடிமனான நீலக் கேபிள் மட்டும் விதிவிலக்கு. அதைக் கோணலாக அழுத்தினால் போர்டில் உள்ள பின்கள் மடங்கும். நேராகப் பிடித்து, பள்ளமும் மேடும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள்.

நாலு ஸ்லாட் இருக்கும் போர்டில் இரண்டு ரேம் போடுவதென்றால் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும்.

இனி வரிசை. கழற்றிப் பூட்டுவதற்கு முக்கியக் காரணம் வரிசை மாறுவதுதான். பிராசஸர், ரேம், எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே நேராகச் சொருகும் மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டி), கூலரின் பின்தகடு, முடிந்தால் கூலரே கூட, இவையெல்லாம் மதர்போர்டு மேஜைமேல் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். எம்.2 ஸ்லாட் பல போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருக்கிறது. கார்டைப் போட்ட பிறகு எஸ்எஸ்டி நினைவுக்கு வந்தால் கார்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். போர்டின் பின்பக்கப் போர்ட்டுகளுக்கான தகடு தனியாக வந்திருந்தால் அதைக் கேபினட்டில் முதலில் பொருத்திவிட்டுத்தான் போர்டை இறக்க வேண்டும். இதை மறந்தால் ஒன்பது ஸ்க்ரூவும் மறுபடி வெளியே. புதிய போர்டுகள் பலவற்றில் இந்தத் தகடு போர்டோடு ஒட்டியே வருகிறது, புண்ணியவான்கள்.

எல்லாவற்றையும்விட நேரம் தின்பது மேல் இடது மூலையில் இருக்கும் 8 பின் பிராசஸர் பவர். கூலரும் மேலே ஒரு ஃபேனும் போட்டுவிட்டால் அந்த மூலைக்குள் விரல் போகாது. ஆகவே போர்டை உள்ளே வைத்தவுடன், வேறு எதையும் தொடுவதற்கு முன், அந்தக் கேபிளைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து சொருகிவிடுங்கள். கேபினட்டில் போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்களையும் அதற்கு முன் ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள். துளைகளுக்கு நேராக இல்லாத குமிழ் ஒன்று இருந்தால் அது போர்டின் அடியைத் தொட்டு ஷார்ட் ஆகும்.

கூலருக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இன்டெல் பிராசஸரோடு பெட்டியில் வரும் கூலரில் நாலு பிளாஸ்டிக் பூட்டுகள் இருக்கும், அவற்றைக் குறுக்கு மூலைகளாக அழுத்திப் பூட்டுவது இந்த வேலையிலேயே எரிச்சலான கட்டம். போர்டு கேபினட்டுக்கு வெளியே இருக்கும்போதே செய்தால், நாலும் பின்பக்கம் வெளியே வந்து விரிந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். பெட்டியில் வரும் கூலர்களில் பெரும்பாலும் தடவியே வரும். தனியாக வாங்கிய கூலரின் அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கும், அதை உரிக்காமல் மாட்டினால் பிராசஸர் கொதிக்கும்.

கேபினட்டின் பவர் பட்டன், ரீசெட், இரண்டு குட்டி விளக்குகள், இவற்றிலிருந்து வரும் மெல்லிய ஒயர்களை போர்டின் கீழ் மூலையில் உள்ள பின்களில் சொருக வேண்டும். எது எங்கே என்பது போர்டின் கையேட்டில் ஒரே ஒரு படத்தில் இருக்கும். கையேட்டைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை, ஆனால் இந்தப் பக்கத்தையும் ரேம் பக்கத்தையும் எம்.2 பக்கத்தையும் முந்தின நாளே படித்து வைத்தால் மறுநாள் ஒரு மணி நேரம் மிச்சம். எம்.2 பக்கம் எதற்கென்றால், சில போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் ஹார்ட் டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றிரண்டு வேலை செய்யாது. பழைய ஹார்ட் டிஸ்க்கும் மாட்டப் போகிறீர்கள் என்றால் இது தெரிந்திருக்க வேண்டும்.

புதியவர்களிடம் நான் விடாமல் வற்புறுத்துவது ஒன்று உண்டு. கேபினட்டில் ஏற்றுவதற்கு முன், மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, பிராசஸர், கூலர், ஒரு ரேம், பவர் சப்ளை மட்டும் இணைத்து ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். பவர் பட்டனுக்குரிய இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் போதும், ஆன் ஆகிவிடும். கூடுதலாக இருபது நிமிடம் ஆகும்தான். ஆனால் ஏதாவது பாகம் பழுதாக வந்திருந்தால் எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு அவிழ்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். உங்கள் பிராசஸரில் உள்ளேயே கிராபிக்ஸ் இல்லாவிட்டால், உதாரணத்துக்கு எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் பிராசஸர்கள், இந்தச் சோதனைக்கே கிராபிக்ஸ் கார்டையும் மாட்ட வேண்டும், மானிட்டரையும் அந்தக் கார்டில்தான் சொருக வேண்டும்.

அப்புறம் முதல் தடவை ஆன் செய்யும் நேரம். இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் போட்ட கம்ப்யூட்டர் முதல் தடவை எழும்போது, பிராசஸர் அந்த ரேமோடு எப்படிப் பேச வேண்டும் என்று மின்சார அளவுகளை மாற்றி மாற்றிச் சோதித்துப் பார்க்கும். அதுவரை ஸ்கிரீன் கறுப்பாகவே இருக்கும், ஃபேன் சுற்றும், வேறு ஒன்றும் நடக்காது. ஏஎம்5 போர்டுகளில் இது சில நிமிடங்கள், ரேம் அளவு அதிகமாக இருந்தால் பத்து நிமிடத்துக்கு மேல்கூடப் போகலாம். இந்த இடத்தில் பதறிப்போய் ஆஃப் செய்து, ரேமைக் கழற்றி மாட்டி, மறுபடி ஆன் செய்தால் சோதனை முதலிலிருந்து தொடங்கும். அப்படியே சுற்றிச் சுற்றி ஒரு மாலையே போனதைப் பார்த்திருக்கிறேன். ஆன் செய்துவிட்டுக் கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

அதற்கும் பிறகு ஒன்றும் வரவில்லையா? பல போர்டுகளில் ஓரமாக நாலு குட்டி விளக்குகள் உண்டு: பிராசஸர், ரேம், கிராபிக்ஸ், பூட். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேடுங்கள். அதற்கும் முன்னால் பவர் சப்ளையின் பின்பக்க ஸ்விட்ச், அந்த 8 பின் கேபிள், மானிட்டர் ஒயர் போர்டில் சொருகியிருக்கிறதா கார்டில் சொருகியிருக்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை, இது நேரத்தைப் பற்றியதல்ல. கேபிள்களைக் கழற்றி மாட்டும்படியான பவர் சப்ளை வாங்கியிருந்தால் அதன் பெட்டியில் வந்த கேபிள்களை மட்டும் பயன்படுத்துங்கள். பவர் சப்ளை பக்கமுள்ள முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பதற்குப் பொதுவான கணக்கு எதுவும் இல்லை. வேறு மாடலின் கேபிள் கச்சிதமாக நுழையும், ஆன் செய்ததும் ஹார்ட் டிஸ்க்கோ போர்டோ கருகும். பெரிய கிராபிக்ஸ் கார்டுகளில் உள்ள 16 பின் இணைப்பையும் இடைவெளி தெரியாத அளவு முழுக்க உள்ளே தள்ளுங்கள். 2022இல் அது உருகிய செய்திகள் வந்தபோது, முழுதாக உட்காராததை ஒரு காரணமாகச் சொன்னார்கள்.

விண்டோஸ் ஏற்றுவதற்கு 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை வேறொரு கம்ப்யூட்டரில் முன்பே தயார் செய்துகொள்ளுங்கள். அதற்கான ஃபைல் சில ஜிபி இருக்கும், இணைய வேகத்தைப் பொறுத்து அதுவே ஒரு மணி நேரம் இழுக்கலாம். எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்றுவது அரை மணிக்குள் முடிந்துவிடும். சிக்கல் வருவது அதற்கடுத்த செட்டப்பில். விண்டோஸ் 11 இணைய இணைப்பு கேட்கும், புது போர்டின் வைஃபைக்கு அதனிடம் டிரைவர் இருக்காது, நீங்கள் அங்கேயே நிற்பீர்கள். போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து நெட்வொர்க் டிரைவர்களை அதே பென் டிரைவில் போட்டு வைத்திருந்தால் பிழைத்தீர்கள். இல்லாவிட்டால் மொபைலை யுஎஸ்பி ஒயரில் இணைத்து அதன் இணையத்தைக் கொடுக்கலாம்.

மேலே சொன்ன கணக்கெல்லாம் நடுத்தர அளவு கேபினட், காற்றுக் கூலர் உள்ள சாதாரண கம்ப்யூட்டருக்கு. ரெடிமேட் லிக்விட் கூலர் என்றால் இன்னும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். கலர் விளக்குப் போட்ட ஃபேன்கள் ஆறு என்றால் கேபிளுக்கு மட்டும் ஒரு மணி நேரம். 5 வோல்ட் 3 பின் விளக்கை 12 வோல்ட் 4 பின்னில் சொருகிவிடாதீர்கள், எரிந்துவிடும். 170க்கு 170 மில்லிமீட்டர் மினி ஐடிஎக்ஸ் போர்டை அதற்கேற்ற குட்டிக் கேபினட்டில் அடைப்பது, என்னைக் கேட்டால், முதல் தடவைக்கு வேண்டவே வேண்டாம். பழகியவருக்கே அது இரண்டு மடங்கு நேரம்.

எல்லாம் முடிந்து விண்டோஸ் வந்தபிறகு பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் எழுவதற்கு முன் திறக்கும் போர்டின் செட்டிங்ஸுக்குள் போய், ரேமை அதில் போட்டிருக்கும் வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை ஆன் செய்யுங்கள். 6000 என்று போட்டு வாங்கிய டிடிஆர்5 அதுவரை பெரும்பாலும் 4800இல்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஆன் செய்ததும் அந்தக் கறுப்பு ஸ்கிரீன் காத்திருப்பு இன்னொரு தடவை வரும். பிறகு ஒரு மெமரி டெஸ்ட்டை ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். மறுநாள் அதில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், குறைத்தும் வந்தால் ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.