அவனைக் கஞ்சிக்கு அனுப்பினது நான்தான்

மதிப்புக்குரிய அக்கா,

எனக்கு 41 வயது. கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயிற ஒரு வயற்கிராமத்தில இருக்கிறன். வீட்டில மெசின் போட்டுத் தைக்கிறன். அவர் கமம். ஒரே மகள், 15 வயது, வாற வருசம் ஓ.எல் எடுக்கிறாள். அம்மாவும் எங்களோடதான் இருக்கிறா.

போன கார்த்திகை வெள்ளத்தில எங்கட ரெண்டு ஏக்கர் காலபோகமும் போட்டுது. முளைச்சு நிண்ட பயிர் ஒரு கிழமை தண்ணிக்குள்ள கிடந்து அழுகிச்சு. விதைநெல்லுக்கும் பசளைக்கும் பட்ட கடன் அப்பிடியே கிடக்கு. அண்டைக்கு இரவு அவர் கடையில குடுத்த புதுக் கலண்டரைச் சுவரில கொழுவிப்போட்டு, அதில அடிச்சிருந்த கீதாசாரத்தைச் சத்தமா வாசிச்சார். "எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது." தன்னைத் தேற்றத்தான் வாசிச்சவர், அது எனக்கு விளங்குது. ஆனா என்னால தாங்க ஏலாமப் போச்சு. கலண்டரைப் பிடுங்கிக் கிழிச்செறிஞ்சிட்டன். மகள் வாசலில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டாள்.

எனக்கொரு தம்பி இருந்தவன் அக்கா. 14 வயது. 2009 சித்திரை மாதம், கடைசிச் சண்டை நேரம், நாங்கள் முல்லைத்தீவுப் பக்கம் வலைஞர்மடத்தில பங்கருக்குள்ள இருந்தம். ஒழுங்கான சாப்பாடு கண்டு ரெண்டு நாள். கஞ்சி குடுக்கினம் எண்டு ஆரோ கத்திக்கொண்டு ஓடினது கேட்டுது. அம்மா கண் அயர்ந்து கிடந்தா. நான்தான் வாளியைக் குடுத்துப் போகச் சொன்னன். மாட்டன் எண்டவன். பேசித்தான் அனுப்பினன். லைனில நிக்கேக்க ஷெல் விழுந்தது. பங்கருக்குப் பக்கத்திலயே மண்ணைப் போட்டு மூடிப்போட்டு அடுத்த நாள் அங்கால வெளிக்கிட்டம். அம்மா இண்டைக்கும் "பிள்ளை பசி பொறுக்காமத் தானா எழும்பிப் போட்டுது" எண்டுதான் சொல்லுவா. 17 வருசமா நான் வாய் திறக்கேல்ல.

இப்ப என்னால ஆரையும் ஒரு இடத்துக்கும் அனுப்ப ஏலாது. மகளை ரவுணுக்கு ரியூசனுக்கு விடேல்ல. முன்கடைக்குச் சீனி வாங்கவும் நான்தான் போறன். அவள் பிந்தினா வாய் வறண்டு, உடம்பெல்லாம் எரிஞ்சு, கை நடுங்கிக் கத்தரிக்கோல் கீழ விழுந்திடும். கோயில் திருவிழாவில வெடி கொளுத்தினாலும் அப்பிடித்தான். அவருக்கும் எனக்கும் இதால ஒவ்வொரு நாளும் சண்டை.

கனடாவில இருக்கிற அண்ணா விடிய விடிய வாட்ஸப்பில கீதை அனுப்புவார். கடமையைச் செய், பலனை எதிர்பாராதே, பற்றை விடு எண்டு. எங்கட கோயிலில பிரசங்கம் செய்ய வந்த ஒருத்தர், போரில செத்த சனம் தங்கட முற்பிறப்புக் கர்மாவை அனுபவிச்சுப் போனவை எண்டார். நான் பாதியில எழும்பி வந்திட்டன். அதுக்குப் பிறகு விளக்கு வைக்கேக்க தேவாரம் பாடுறதையும் விட்டிட்டன். கடவுளோட கோவிக்கிறது பாவமோ? இந்தச் சாத்திரங்களால என்னை மாதிரி ஆக்களுக்கு ஏதும் இருக்கோ? இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லுங்கோ.

— கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தக் கலண்டர். நீங்கள் கிழித்த வரிகள் பகவத்கீதையில் இல்லை. 18 அத்தியாயங்கள், 700 சுலோகங்கள். அவற்றில் எந்த இடத்திலும் நடந்ததெல்லாம் நன்றாகவே நடந்தது என்று கண்ணன் சொல்லவில்லை. பிற்காலத்தில் யாரோ எழுதியது கீதாசாரம் என்ற பெயரில் அச்சாகி, கடைகளிலும் பேருந்துகளிலும் வீட்டுச் சுவர்களிலும் ஏறிவிட்டது. வயல் அழிந்த துக்கத்தில் இருந்த உங்கள் கணவருக்கு அது ஒரு பிடிமானமாக இருந்திருக்கும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கஞ்சி வரிசையில் நின்ற ஒரு பிள்ளையின் சாவை நன்று என்று சொல்லச் சொல்லி எந்தச் சாத்திரமும் உங்களைக் கேட்கவில்லை. நீங்கள் கிழித்தது ஒரு கடை விளம்பர மட்டையை. அந்தக் குற்ற உணர்வு இருந்தால் அதை இன்றைக்கே இறக்கி வையுங்கள்.

உண்மையான கீதையின் முதல் அத்தியாயத்தை யாரும் வாட்ஸப்பில் அனுப்புவதில்லை. அதற்கு அர்ஜுன விஷாத யோகம் என்று பெயர். விஷாதம் என்றால் பெருந்துயர். அர்ஜுனன் தன் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று அங்கே ஒவ்வொன்றாகச் சொல்கிறான். வாய் வறள்கிறது, உடல் நடுங்குகிறது, தோல் எரிகிறது, மனம் சுழல்கிறது, காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது. உங்கள் கடிதத்தில் கத்தரிக்கோல் விழும் இடத்தை வாசித்தபோது எனக்கு அந்தச் சுலோகங்கள்தான் நினைவுக்கு வந்தன. அவ்வளவு பெரிய வில்லாளியின் நடுக்கத்தை எழுதி வைக்க அந்த நூல் வெட்கப்படவில்லை. இன்றைய உளவியலில் நாங்கள் மனவடு என்கிறோம். பெரிய ஆபத்து ஒன்றைக் கண்ட உடம்பு, ஆபத்து விலகிய பிறகும் காவலை இறக்காமல் நிற்கும். வெடிச் சத்தம் கேட்டதும் மூளை யோசிப்பதற்கு முன்பே உடம்பு வலைஞர்மடத்துக்குப் போய்விடுகிறது. அதில் பைத்தியம் எதுவும் இல்லை, பலவீனமும் இல்லை.

கண்ணன் அர்ஜுனனைக் கடிந்ததும் உண்மைதான். துக்கப்படத் தேவையில்லாதவர்களுக்காகத் துக்கப்படுகிறாய் என்றும் சொன்னார். அந்த ஒரு வரியைத் தூக்கிக்கொண்டு செத்தவீட்டுக்கு வருபவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கீதை போர் தொடங்குவதற்கு முன் சொல்லப்பட்டது. நீங்கள் நிற்பது போர் முடிந்த பிறகு. மகாபாரதத்தில் அதற்கும் பர்வங்கள், அதாவது பகுதிகள், இருக்கின்றன. 18 பர்வங்களில் 11ஆவது ஸ்திரீ பர்வம், பெண்களின் பர்வம். தாய்மாரும் மனைவிமாரும் சகோதரிகளும் குருக்ஷேத்திரத்துக்கு வந்து, தங்கள் ஆட்களைத் தேடித் தேடி அழுகிறார்கள். காந்தாரி கண்ணனின் முகத்தைப் பார்த்தே சபிக்கிறாள். அந்தச் சாபம் பலித்தது என்றுதான் பாரதம் சொல்கிறது. 2009இல் இடம்பெயர்ந்த சனம் இருந்த செட்டிகுளத்து முகாம்களில் வேலை செய்யத் தொடங்கிய நாட்களில் நானும் "அழாதேங்கோ அம்மா" என்று சொல்லித் திரிந்தவள்தான். வியாசர் ஒரு முழுப் பர்வத்தையே அழுகைக்கு ஒதுக்கியிருக்கும்போது, நான் ஐந்து நிமிடம் பொறுக்காமல் வாயடைக்கப் பார்த்தேனே என்று இன்றும் மனம் வருந்துகிறது.

இனி உங்கள் தம்பி. பாரதத்திலும் ஒருவர் ஒரு பிள்ளையை அனுப்பினார். சக்கர வியூகத்தை உடைத்து உள்ளே போகச் சொல்லி 16 வயது அபிமன்யுவை அனுப்பியது தருமர். பின்னாலே நாங்களும் வருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். ஜயத்ரதன் வழியை மறித்துக்கொண்டான், ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. பிள்ளை உள்ளேயே செத்தான். அன்றிரவு தருமர் புலம்பியது என்ன தெரியுமா? எனக்கு நல்லது செய்யப் போய்த்தானே அவன் போனான், இனி அர்ஜுனனின் முகத்தை எப்படிப் பார்ப்பேன், சுபத்திரையின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றுதான். நீங்கள் 17 வருடமாக அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் இருப்பதைத்தான் அவரும் சொல்கிறார். தருமராவது போருக்கென்று தெரிந்தே அனுப்பினார். நீங்கள் அனுப்பியது கஞ்சிக்கு.

அண்ணா அனுப்பும் சுலோகம் உங்களுக்குப் பகையாக வந்து சேர்ந்திருக்கிறது. அதை முழுதாக வாசித்தால் அது உங்கள் பக்கம் நிற்கும். இரண்டாம் அத்தியாயம், 47ஆவது சுலோகம்: "கர்மண்யேவாதிகாரஸ்தே." அதில் இருக்கும் சொல் அதிகாரம். நாங்கள் கந்தோரிலும் வீட்டிலும் பேசும் அதே சொல். செயலில்தான் உனக்கு அதிகாரம், விளைவில் ஒருபோதும் இல்லை. பலனுக்கு ஆசைப்படாதே என்று மட்டும் இதைச் சுருக்கிவிட்டார்கள். விளைவு உன் கையில் இருக்கவே இல்லை என்பதுதான் அதன் அடி. உங்கள் கணவருக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உழுதது அவர், விதைத்தது அவர். குளத்து வான்கதவைத் திறக்க வைத்த மழை அவருடையதல்ல. வெள்ளத்துக்காக அவரை யாராவது குற்றம் சொன்னால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? 24 வயது அக்கா ஒருத்தி, பசித்த தம்பிக்கும் பசித்த தாய்க்கும் ஒரு வாய் கஞ்சி கிடைக்கட்டும் என்று வாளியைக் கொடுத்தாள். அதுதான் உங்கள் செயல். ஷெல் உங்கள் அதிகாரத்தில் இருக்கவில்லை. பங்கருக்குள் இருந்திருந்தால் தப்பியிருப்பான் என்று இன்றைக்கு உங்கள் மனம் வழக்குப் பேசுகிறது. அன்று பங்கருக்குள்ளேயும் ஆட்கள் செத்தார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். பிறகு தெரிந்ததை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணை விசாரிக்காதீர்கள்.

பேசி அனுப்பினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்தான் உள்ளே அதிகம் குத்துகிறது என்று நினைக்கிறேன். தம்பியைப் பேசாத அக்கா எந்த வீட்டில் இருக்கிறாள்? அவனுக்கு அது தெரியாதா?

அதே சுலோகத்தின் கடைசி அடி இன்னும் குறைவாகவே ஊருக்குத் தெரியும். செயலின்மையில் உனக்குப் பற்று வேண்டாம் என்கிறது. மகளை அனுப்பாமல் வைத்திருப்பது காவல் போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறை அனுப்பாமல் விடும்போதும், "அனுப்பினால் சாவு" என்ற கணக்கு உடம்புக்குள் இன்னும் ஆழமாகப் பதிகிறது. மனம் காற்றைப் போல, அதை அடக்க முடியாது என்று அர்ஜுனன் முறையிட்டபோது கண்ணன் மறுக்கவில்லை. கடினம்தான், அப்பியாசத்தால் ஆகும் என்றார். நாங்கள் கொடுக்கும் பயிற்சியும் கிட்டத்தட்ட அதுவே. இந்தக் கிழமை முன்கடைக்குச் சீனி வாங்க மகளை விடுங்கள். அவள் திரும்பும் வரை மெசினை விட்டு எழும்பாதீர்கள், போன் எடுக்காதீர்கள். இரண்டு பாதத்தையும் நிலத்தில் ஊன்றி, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக விடுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்: நூல்கட்டை, சீலை, யன்னல், ஆடு, முருங்கை. பயம் ஏறும், ஏறியபடியே நிற்காது, இறங்கும். அது இறங்குவதை உடம்பு தானே ஒரு முறை பார்க்க வேண்டும். இது பழகிய பிறகு வாசிகசாலை, அதற்குப் பிறகு சிநேகிதியோடு சேர்ந்து ரியூசன். இப்படிச் செய்யப் போகிறேன் என்று மகளிடமும் கணவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கலண்டரைக் கிழித்தது ஏன் என்று அந்தப் பிள்ளைக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. தனக்கொரு மாமா இருந்தான் என்ற கதையை அவள் கேட்கலாம், அந்த வயது வந்துவிட்டது.

அம்மாவுக்குச் சொல்வதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி நிற்கிறது. போர் முடிந்து இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்யும் இடத்தில்தான் குந்தி வாய் திறந்தாள், கர்ணனும் என் பிள்ளைதான் என்று. சொன்னவுடன் எல்லாம் ஆறிவிடவில்லை. தருமர் உடைந்துபோனார், கோபப்பட்டார். ஆனால் கர்ணனுக்கு அண்ணன் என்ற முறையில் தண்ணீர் கிடைத்தது. ஆகவே உங்களை அவசரப்படுத்த மாட்டேன். முதலில் கணவரிடம் சொல்லுங்கள், அல்லது ஒரு ஆலோசகரின் முன்னால் இருந்து ஒரு தரம் முழுதாகச் சொல்லிப் பாருங்கள். அம்மாவின் உடல்நிலையையும் பார்க்க வேண்டும். அவவுக்குச் சொல்லாமலே விட்டாலும் அது துரோகமாகாது.

கர்மா பற்றி அந்தப் பிரசங்கி சொன்னதற்கு நான் ஒன்று மட்டும் சொல்வேன். கர்மத்தின் போக்கு ஆழமானது, அறிதற்கரியது என்று கீதையே நாலாம் அத்தியாயத்தில் சொல்கிறது. அப்படியிருக்க, முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் கணக்கை ஒலிவாங்கி பிடித்துக்கொண்டு யாரும் வாசிக்க முடியாது. எழும்பி வந்தது சரி.

கடவுளோடு கோவிக்கலாமா? சுந்தரர் கண்ணிழந்து திருவாரூருக்கு வந்து நின்று, உமக்கே அடிமையாயிருந்தும் இந்தக் கதியா, "வாழ்ந்து போதீரே" என்று சிவனையே ஏசிப் பாடினார். அது ஏழாந் திருமுறையில் இருக்கிறது, கோயிலில் பண்ணோடு பாடுகிறார்கள். நீங்கள் வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போய் வருபவராகத்தான் இருப்பீர்கள். கடல்நீரில் விளக்கெரித்து எங்கள் சனம் கும்பிடுவது யாரை? அநியாயத்தைச் சகித்துக்கொண்டு வீட்டில் இருந்தவளையா? தேவாரம் பாட முடியாத நாட்களில் விளக்கை மட்டும் வையுங்கள். ஏசத் தோன்றினால் விளக்குக்கு முன்னாலேயே ஏசுங்கள்.

இதையெல்லாம் கடிதத்தால் மட்டும் செய்து முடிக்க முடியாது. கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலைக்குப் போய் உளநலப் பிரிவைக் கேளுங்கள், வெடிச் சத்தத்துக்கு நடுங்குவதையும் மகள் விடயத்தையும் அப்படியே சொல்லுங்கள். நித்திரை அறவே போனாலோ, செத்தால் நல்லது என்ற எண்ணம் வந்தாலோ ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். 1926 தேசிய உளநல உதவி இலக்கம், இரவிலும் எடுக்கலாம்.

சித்திரை பிறந்தால் உங்களுக்கு அந்த நாட்கள் திரும்ப வரும், உடம்பு முதலிலேயே சொல்லத் தொடங்கும். அந்தக் கிழமையில் புதிதாக எதையும் பழக வேண்டாம். ஒரு நாள் கஞ்சி காய்ச்சுங்கள். முதல் சிரட்டையைத் தம்பிக்கு எடுத்து வைத்துவிட்டு, மகளைக் கூப்பிட்டு அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லுங்கள். அவள் சீனி வாங்கப் போய்வந்த கதையை எனக்கு எழுதுங்கள்.

உங்கள் அக்கா