எக்ஸ்-கதிர்ப் புள்ளி கிடைத்தது, பல்சரா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி: பெங்களூரில் எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஃபெர்மி காமா கதிர் விண்தொலைநோக்கியின் பட்டியலில், இன்னதென்று தெரியாத ஒரு காமா கதிர் மூலத்தை புராஜெக்டுக்கு எடுத்திருக்கிறேன். அதன் பிழை வட்டத்துக்குள் (அது இருக்கக்கூடிய பரப்புக்குள்) ஸ்விஃப்ட் தொலைநோக்கி மூன்று எக்ஸ்-கதிர்ப் புள்ளிகளைக் காட்டுகிறது. அந்தத் தரவிலேயே துடிப்பைத் தேடி, எது பல்சர் (வேகமாகச் சுழன்று துடிப்புத் துடிப்பாகக் கதிர் வீசும் நியூட்ரான் விண்மீன்) என்று சொல்லிவிடலாமா? – வாசகி, மல்லேஸ்வரம்

பதில்: முடியாது. ஸ்விஃப்ட்டின் எக்ஸ்-கதிர்க் கருவி வழக்கமான படமெடுக்கும் முறையில் 2.5 விநாடிக்கு ஒரு சட்டம்தான் எடுக்கும். நீங்கள் தேடுவதோ விநாடிக்குப் பல முறை, சில நூறு முறைகூடச் சுழல்வது. ஓடுகிற ஃபேனை ஷட்டரை இரண்டரை விநாடி திறந்துவைத்துப் படம் பிடித்தால் இறக்கையை எண்ண முடியுமா? நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் எஸ்.எக்ஸ்.டி. எக்ஸ்-கதிர்க் கருவியிலும் இதே தொல்லைதான். நைசர் என்ற எக்ஸ்-கதிர்க் கருவி மைக்ரோவிநாடிக்கும் குறைவாக நேரம் குறிக்கும், ஆனால் அது படம் எடுக்காது.

அப்புறம் எக்ஸ்-கதிர்ப் படம் எதற்கு? முகவரிக்கு. ஃபெர்மி ‘ஜெயநகர்’ என்று மட்டும் சொல்கிறது. எத்தனையாவது பிளாக், எந்த கிராஸ், கதவு எண் எல்லாம் எக்ஸ்-கதிர்தான் சொல்ல வேண்டும். பல கோண நிமிட வட்டம் சில கோண விநாடியாகச் சுருங்குகிறது (ஒரு பாகையில் 60 கோண நிமிடம், ஒரு கோண நிமிடத்தில் 60 கோண விநாடி).

இதன் அருமை கணக்குப் போட்டால்தான் தெரியும். பூமி சூரியனைச் சுற்றுவதால், ஒரே மூலத்தின் ஒளி, வருடத்தில் சில மாதம் முந்தியும் சில மாதம் பிந்தியும் வரும். அதிகபட்சம் சுமார் 500 விநாடி. இதைத் திருத்த மூலத்தின் திசை சரியாகத் தெரிய வேண்டும். 5 கோண நிமிடம் தவறினால் திருத்தம் 0.7 விநாடி வரை பிசகும். 0.1 விநாடிக்கு ஒருமுறை சுழலும் பல்சருக்கு அது ஏழு சுற்று. ஃபெர்மி 2008 முதல் சேர்த்த ஃபோட்டான்களின் துடிப்பு கரைந்துபோகும். 3 கோண விநாடி என்றால் பிசகு 7 மில்லிவிநாடிதான். சில மில்லிவிநாடிக்கு ஒருமுறை சுழலும் மில்லிவிநாடிப் பல்சருக்கு அதுவும் போதாது. சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியின் படமோ, கையா விண்மீன் பட்டியலில் அதே இடத்து விண்மீனோ வேண்டும்.

சரி, மூன்றில் எது? முதலில் ஃபெர்மி பட்டியலையே மறுபடி பாருங்கள். பல்சரின் காமா ஒளி வருடக்கணக்கில் அநேகமாக மாறாது, அதன் நிறமாலை சில ஜி.இ.வி.-யில் (காமா கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) வளைந்து சரியும். ஏறி இறங்கி ஆட்டம் போட்டால் பிளேசார் (நம்மை நோக்கித் தாரை வீசும் கருந்துளை கொண்ட தொலைதூர விண்மீன் மண்டலம்) என்று சந்தேகியுங்கள். பிறகு காமா ஒளிக்கும் எக்ஸ்-கதிருக்கும் உள்ள விகிதம்: காமாவில் பளிச்சென்று, எக்ஸ்-கதிரில் மங்கலாக இருப்பதே பல்சரின் குணம். ஆகவே மூன்றில் பிரகாசமானதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். அது ரேடியோவிலும் பலமாக இருந்தால் பெரும்பாலும் பிளேசார்தான். இன்னொன்று: பிரகாசமான சாதாரண விண்மீனின் ஒளியே ஸ்விஃப்ட்டின் எக்ஸ்-கதிர்க் கருவியை ஏமாற்றி எக்ஸ்-கதிர் போலப் பதிவாகும். மாறாக, சில மணி நேரத்தில் மங்கிப் பிரகாசிக்கும் மங்கலான விண்மீன் அந்த இடத்தில் இருந்தால் விடாதீர்கள். துணையைச் சுட்டுத் தின்னும் ‘கருப்பு விதவை’ வகைப் பல்சராக இருக்கலாம்.

எக்ஸ்-கதிரிலேயே துடிப்பு அகப்பட்டதும் உண்டு. 1970களில் காமாவில் தெரிந்த ஜெமிங்காவுக்கு (மிலான் வட்டார வழக்கில் ‘அங்கே இல்லை’ என்று பொருள்!) 1992-இல் ரோசாட் எக்ஸ்-கதிர்ச் செயற்கைக்கோளின் தரவில்தான் 0.237 விநாடித் துடிப்பு கிடைத்தது. ரோசாட் நேரத்தை நுணுக்கமாகக் குறித்தது, ஜெமிங்காவும் நமக்குப் பக்கத்தில் இருப்பது.

உங்கள் மூலம் அப்படி அமையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். புராஜெக்ட் தலைப்பில் ‘கண்டுபிடிப்பு’ வேண்டாம், ‘பல்சர் வேட்பாளர்’ போதும். ஆயத்தொலைவுகளோடு அவற்றின் பிழையையும் எழுதுங்கள். புனே பக்கத்து ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி ஃபெர்மி மூலங்களில் மில்லிவிநாடிப் பல்சர்களைக் கண்டுபிடித்திருக்கிறது. ரேடியோவில் தேடுகிறவர்கள் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அந்த எண்களைத்தான்.