25 போய் 40 வந்த கதை: கல்லூரி ஃபுட்பால் ப்ளே கிளாக் கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 2008-இல் ப்ளே கிளாக் விதி மாறியது. ஒரு ப்ளே, அதாவது ஒரு ஆட்ட முயற்சி முடிந்தபின் அடுத்ததைத் தொடங்க அணிக்கு எத்தனை விநாடி என்று காட்டும் கடிகாரம் இது; 25 விநாடியாக இருந்தது பெரும்பாலும் 40 ஆனது. அதனால் ஒரு அணிக்கு என்ன ஆகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

கேள்வி: அண்ணா, 25 விநாடியை 40 ஆக்கினால் ஆட்டம் மெதுவாகத்தானே போகும்?

பதில்: எண்ணை விடுங்கள், கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்று பாருங்கள். முன்பெல்லாம் நடுவர் பந்தை வைத்து, தயார் என்று சைகை காட்டிய பிறகுதான் 25 ஓடும், அதுவரை அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் கணக்கிலேயே வராது, ஒரு நடுவர் குழு விறுவிறுவென்று வேலை பார்க்கும், இன்னொன்று ஆற அமர வரும். இப்போது ஒரு ப்ளே முடிந்ததுமே 40 ஓடத் தொடங்கிவிடும். பெனால்டி, டைம்அவுட் (அணி கேட்டு வாங்கும் இடைநிறுத்தம்), பந்து எதிரணியிடம் கைமாறுவது மாதிரி நிறுத்தங்களுக்குப் பிறகு மட்டும் 25.

கேள்வி: எந்த மாதிரி அணிக்கு லாபம்?

பதில்: வேகமாக ஆடுகிறவர்களுக்குத்தான் பெரிய லாபம். பந்தை வைத்து நடுவர் நகர்ந்ததும் ஸ்னாப் செய்துவிடலாம், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ப்ளேயைத் தொடங்கிவிடலாம். பயிற்சியாளர் சிப் கெல்லியின் ஓரிகன் பல்கலைக்கழக அணி இதை வைத்தே எதிரணியைத் திணறடித்தது. மைதான ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளரிடமிருந்து சைகை தாமதமாக வரும் அணிதான் பாவம், 40 தீர்ந்தால் தண்டனையாக 5 யார்டு போச்சு. அதனால் பயிற்சியிலேயே கடிகாரத்தை ஓடவிட்டுப் பழக வேண்டும் என்பேன்.

கேள்வி: நாங்கள் முன்னிலை, பந்து எங்களிடம், ஃபர்ஸ்ட் டவுன் (நான்கு முயற்சிகளில் முதலாவது), 2 நிமிடம் பாக்கி, எதிரணிக்கு டைம்அவுட் இல்லை. ஜெயித்தாச்சா?

பதில்: ஆச்சு. பந்தோடு மூன்று முறை முழங்காலிட்டு ப்ளேயை முடித்து, ஒவ்வொரு முறையும் 40 விநாடியை ஓடவிட்டால் ஆட்ட நேரத்தில் 120 விநாடி போய்விடும். பந்தை மட்டும் நழுவவிடாதீர்கள்.

கேள்வி: டிஃபென்ஸ்காரர்கள் (தடுத்து ஆடுகிறவர்கள்) மூச்சு வாங்க வேண்டாமா?

பதில்: நியாயமான கேள்வி. ஆஃபென்ஸ் (பந்து வைத்திருக்கும் அணி) ஆள் மாற்றினால் டிஃபென்ஸுக்கும் மாற்ற நேரம் தர வேண்டும், அதுவரை நடுவர் ஸ்னாப்பைத் தடுத்து வைப்பார். மாற்றாவிட்டால் களைத்த கால்களோடு நிற்க வேண்டியதுதான். 2014-இல், முதல் 10 விநாடிக்குள் ஸ்னாப் செய்யக்கூடாது என்று ஒரு முன்மொழிவு வந்தது, அப்போதைய பயிற்சியாளர்கள் அலபாமாவின் நிக் சேபனும் ஆர்கன்சாவின் பிரெட் பீலமாவும் வீரர்களின் பாதுகாப்பைச் சொல்லி ஆதரித்தார்கள், வேக ஆட்டப் பயிற்சியாளர்கள் கொதித்தெழுந்தார்கள், கடைசியில் அந்த முன்மொழிவு கைவிடப்பட்டது. எனக்கு அதில் சந்தோஷம்தான். மீறினால் என்ன தண்டனை தெரியுமா? ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதற்கான 5 யார்டு! சீக்கிரம் ஆடியவனுக்கு அதைக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

கேள்வி: ஹெல்மெட் ரேடியோ வந்த பிறகு எதுவும் மாறியதா?

பதில்: நிறையவே. 2024 முதல் மேல்மட்டப் பிரிவில் ஒரு நேரத்தில் ஒரு அணியின் ஒரே வீரர் மட்டும் பயிற்சியாளரின் குரலைக் கேட்கலாம், ப்ளே கிளாக்கில் 15 விநாடி இருக்கும்போது அது துண்டிக்கப்படும். அதாவது 40 ஓடும்போது சொல்ல வேண்டியதை முதல் 25-க்குள் சொல்லி முடிக்க வேண்டும், டிஃபென்ஸ் கடைசி நேரத்தில் இடம் மாறி நின்றால் ஆஃபென்ஸை நடத்தும் குவார்ட்டர்பேக் தானே பார்த்து முடிவெடுக்க வேண்டியதுதான்.