இலை சுருண்ட செடியைப் பிடுங்கிவிடுங்கள்

கேள்வி: ஐயா, வேளச்சேரியில் மொட்டைமாடியில் 7 பைகளில் நாட்டுத் தக்காளி வைத்திருக்கிறேன். கார்த்திகைக் கடைசியில் நாற்று நட்டது. 3 செடிகளில் நுனி இலை மேல்நோக்கிச் சுருண்டு, வெளிறிச் சிறுத்துவிட்டது. செடியை ஆட்டினால் வெள்ளையாகப் பொடிப்பூச்சி பறக்கிறது. மற்ற செடிகளில் காய் இருக்கிறது. ஆனால் சிலவற்றில் ஓட்டை, சிலவற்றில் அடி கறுத்துப்போகிறது. வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலந்து இரண்டு தடவை அடித்தும் பயனில்லை. கடையில் மருந்து வாங்கி அடிக்கட்டுமா?

பதில்: கடை மருந்து வேண்டாம் அம்மா. தினமும் ஒன்றிரண்டு பழம் பறித்துச் சாம்பாரில் போடுகிற செடி அது. மருந்து அடித்துவிட்டு எத்தனை நாள் பறிக்காமல் இருப்பீர்கள்? பக்கத்து வீட்டுத் துணிக்கொடி வேறு இருக்கும். அதைவிட முக்கியம், நீங்கள் சொல்வது ஒரு தொல்லை இல்லை, மூன்று. அதில் ஒன்றுக்குப் பூச்சி காரணமே இல்லை.

முதலில் அந்த 3 செடிகள். அது இலைச்சுருள் வைரஸ். ஆட்டினால் பறக்கிறதே, அந்த வெள்ளை ஈதான் பரப்புகிறது. வந்த செடியைக் குணப்படுத்த வழி கிடையாது. பஞ்சகவ்யா ஊற்றினாலும் சரி, மோர்க்கரைசல் தெளித்தாலும் சரி. மனசு கேட்காது, தெரியும். ஆனால் அதை வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் மற்ற நான்குக்கும் ஆபத்து. விடியற்காலையில், ஈ மந்தமாக இருக்கும்போது, பெரிய பாலித்தீன் பையை மேலிருந்து மெதுவாகக் கவிழ்த்து, ஈயோடு சேர்த்துச் செடியைப் பிடுங்கிக் கட்டிவிடுங்கள். கட்டிய பையை இரண்டு நாள் வெயிலில் போட்டால் உள்ளே எல்லாம் முடிந்துவிடும். மண்ணைக் கொட்ட வேண்டாம், இந்த வைரஸ் மண்ணில் தங்காது. அதில் கீரை விதையுங்கள்.

மீதி நான்குக்குத்தான் வேப்பெண்ணெய். எண்ணெயை நேராகத் தண்ணீரில் விட்டால் மேலே படலமாக மிதக்கும். தெளிப்பான் குழாய் அடியிலிருந்துதானே உறிஞ்சுகிறது? ஆக, பாதி நேரம் வெறும் தண்ணீர்தான் அடித்திருப்பீர்கள். 5 மில்லி எண்ணெயில் முதலில் காதி சோப்புக் கரைசலைச் சேர்த்து, பால் போல வெளுக்கும்வரை கலக்குங்கள். பிறகு 1 லிட்டர் தண்ணீர். அடிக்க வேண்டிய இடம் இலையின் அடிப்பக்கம். ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள், குஞ்சுகள் செதில் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். வெயில் தாழ்ந்த பிறகு, வாரம் ஒரு முறை. கூடவே மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். அருகில் கத்தரி, வெண்டை, செம்பருத்தி இருந்தால் அவற்றின் அடி இலையையும் பாருங்கள், ஈ அங்கேயும் குடியிருக்கும்.

ஓட்டை போடுவது காய்ப்புழு. தலையைக் காய்க்குள் விட்டு, பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு தின்னும். ஒரு காயோடு நிற்காது, அடுத்ததையும் கடித்துக் கெடுக்கும். நாலு செடிக்கு இரவில் டார்ச் அடித்துக் கையால் பொறுக்கினாலே போதும்; ஈரமாக எச்சம் தெரிகிற காயில் தேடுங்கள். ஓட்டைக் காயைப் பறித்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். செண்டுமல்லி வைத்தால் தாய் அந்துப்பூச்சி அதில் முட்டையிடப் போகும் என்பது உண்மைதான். ஆனால் தக்காளி பூக்கும்போது அதுவும் பூத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் வயலில் 25 நாள் தக்காளி நாற்றோடு 40 நாள் செண்டுமல்லி நாற்றை நடச் சொல்கிறோம். இப்போது போய்த் தொட்டி வாங்கி வைத்தால் அழகுக்குத்தான்.

அடி கறுப்பு பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. காயின் அடியில் எட்டணா அகலத்துக்குத் தோல் போலத் தட்டையாகக் கறுத்திருந்தால், காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. பை மத்தியானத்தில் காய்ந்து, சாயங்காலம் நிரம்பி வழிந்தால் இப்படித்தான் ஆகும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னும் மோசம். முடிந்தால் மெட்ரோ தண்ணீர் ஊற்றுங்கள். காலையும் மாலையும் அளவாக விட்டு, மண்மேல் காய்ந்த சருகு பரப்புங்கள். முட்டை ஓடு போடச் சொல்வார்கள், அது மக்கிச் சத்தாக மாற மாதக்கணக்காகும்.

பிடுங்கிய இடத்தில் உடனே தக்காளி நடாதீர்கள். இப்போது நட்டால் பங்குனி, சித்திரையில் பூக்கும். நம்மூர் இரவுப் புழுக்கத்துக்குப் பூ காய் பிடிக்காமல் உதிரும். ஆடியில் விதையுங்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்ஷக் கிடைத்தால் நல்லது. இலைச்சுருள், பாக்டீரியா வாடல், இலையைக் கருக்கும் முன்கருகல் நோய் மூன்றையும் தாங்கும். வீரிய ஒட்டு ரகம், அதனால் விதை எடுத்து வைத்து விதைத்தால் தாய்ச்செடி போலவே வராது. நாட்டு ரகம்தான் வேண்டும் என்றால் நாற்றங்காலுக்கு நைலான் வலை போட்டே ஆக வேண்டும், ஈ பிஞ்சு நாற்றைத்தான் முதலில் தேடும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. வேளச்சேரி மாடி என்றால் அணிலும் வருமே? காய் லேசாக நிறம் திரும்பியதும் பறித்துச் சமையலறையில் வையுங்கள். மூன்று நாலு நாளில் பழுத்துவிடும்.