பக்கி ஏன் மன்னிப்புக் கேட்கிறான்?

அன்புள்ள ஐயா,

பள்ளி விடுமுறையில் மகனோடு சேர்ந்து கேப்டன் அமெரிக்கா படங்களையும், அப்புறம் வந்த ஃபால்கன் தொடரையும் பார்த்து முடித்தோம். கேப்டனின் உயிர் நண்பன் பக்கியே வில்லனாக வந்து நின்றதில் பையன் ஆடிப்போய்விட்டான். "மூளைச்சலவை செஞ்சுட்டாங்கடா, அவன்மேல தப்பில்லை" என்றேன். "அப்போ ஏன் தேடித் தேடிப் போய் மன்னிப்புக் கேக்கறான்?" என்றான். என்னிடம் பதில் இல்லை. நல்லவனைக் கெட்டவனாக்கிவிட்டு, பிறகு 'அது அவனே இல்லை' என்று கைகழுவுவது எழுதுபவர்களுக்கு வசதியான தந்திரம்தானே?

ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

வசதியான தந்திரம்தான். காமிக்ஸில் வரும் விண்வெளிக் காவலர், கிரீன் லேன்டர்ன் ஹால் ஜோர்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல், சொந்த ஊர் அழிந்த துக்கத்தில், சக காவலர்களையே அடித்துப்போட்டு அவர்களுக்குச் சக்தி தரும் மோதிரங்களைப் பிடுங்கி, பாரலாக்ஸ் என்ற வில்லனானார். 2004இல் தொடங்கிய கதையில், எல்லாம் அவருக்குள் புகுந்த ஓர் அச்சப் பூதத்தின் வேலை என்று முடித்தார்கள். பேய் இறங்கியது, ஆள் சுத்தம்! எனக்கு அது இன்றுவரை ஒட்டவில்லை.

பக்கி வேறு. 1941இல் கேப்டனின் முதல் இதழிலேயே கூட வந்தவன். போரிலேயே செத்துவிட்டான் என்று 1964இல் சொன்னார்கள். 2005இல் எழுத்தாளர் எட் புரூபேக்கரும் ஓவியர் ஸ்டீவ் எப்டிங்கும் அவனைச் சோவியத் கொலையாளியாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 2014 படத்தின் மொட்டைமாடிக் காட்சி நினைவிருக்கிறதா? கேப்டன் கேடயத்தை வீசுகிறார். அதுவரை எல்லாரையும் சாய்த்த கேடயம். அவன் திரும்பி, இரும்புக் கையால் லபக்கென்று பிடித்து, வந்த வேகத்திலேயே திருப்பி எறிகிறான். வாங்கிய கேப்டன் கால் சறுக்கிப் பின்னால் போகிறார். முகமூடி கழல்வது பிறகுதான். கேப்டனுக்குச் சரியான ஜோடி எதிரில் நிற்கிறான் என்பதை அந்த ஒரு பிடியே சொல்லிவிடுகிறது.

நம் பாரதத்துச் சல்லியனையும் மகனுக்குச் சொல்லுங்கள். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில், பாரதக் கதையோடு நடக்கும் தீமிதியைப் பார்த்திருக்கும் பிள்ளை என்றால் சட்டென்று பிடித்துக்கொள்வான். சல்லியன் நகுல சகாதேவரின் தாய்மாமன். பாண்டவருக்கு உதவக் கிளம்பியவன், வழியில் துரியோதனன் வைத்த விருந்தைத் தருமன் வைத்ததென்று நம்பி, மகிழ்ந்து வாக்குக் கொடுத்து, எதிர்ப்பக்கம் மாட்டிக்கொண்டான். கடைசியில் தருமன் கையாலேயே செத்தான். ஆனால் அவனுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. திரும்பி வரத்தான் வழியில்லை. பக்கிக்கு வழி கிடைத்துவிட்டது. வில்லங்கமே அங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் செய்த கொலைகள் அத்தனையும் அவனுக்கு ஞாபகம் இருக்கின்றன.

இனி உங்கள் மகனின் கேள்வி. 2021இல் வந்த அந்தத் தொடரில் யோரி என்ற கிழவரோடு பக்கி சாப்பிடப் போவான். அவருடைய மகனைக் கொன்றவன் இவன்தான். அந்தப் பையன் யாருக்கும் எதிரியில்லை. பக்கி கொலை செய்துவிட்டு வரும்போது அங்கே நின்றிருந்தான், அவ்வளவுதான். அவருக்கு இது தெரியாது. மகன் எப்படிச் செத்தான் என்று மனசு ஆறாமல் இருக்கிறார். கடைசிப் பகுதியில்தான் பக்கி வாய்திறக்கிறான். ஏன் என்று கேட்கிறார் கிழவர். தனக்கு வேறு வழியிருக்கவில்லை என்கிறான். காமிக்ஸ் உலகம் இந்த இடத்துக்கு வர இத்தனை காலம் எடுத்ததே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட உண்டு.

தப்பில்லை என்று நீங்கள் சொன்னது சரி, மாற்ற வேண்டாம். கூட ஒன்றை மட்டும் மகனிடம் கேட்டுப்பாருங்கள்: அந்த அப்பாவுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் பக்கிதான், சொல்லாமல் அவரோடு உட்கார்ந்து எத்தனை நாள் சாப்பிட முடியும்?