டெலஸ்டியல் என்று ஒரு சொர்க்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மார்மன்கள் பற்றிய ஆவணப்படம் ஒன்று பார்த்தேன். அவர்களுக்கு மூன்று சொர்க்கங்களாம். கடைசியின் பெயர் ‘டெலஸ்டியல்’. என்னிடமுள்ள ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லே இல்லை. எங்கிருந்து வந்தது? நரகத்துக்குத்தான் இப்படியொரு நாகரிகப் பெயரா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அது அமெரிக்காவில் மார்மன் சமயத்தைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். 1832 பிப்ரவரி 16, ஒஹாயோ மாநிலத்தில் ஹைரம் என்ற ஊர், ஜான் ஜான்சன் என்ற விவசாயியின் வீடு. ஸ்மித்தும் அவருடைய சகா சிட்னி ரிக்டனும் பைபிளைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார்கள். யோவான் 5:29க்கு வந்தபோது இருவருக்கும் ஒன்றாகவே தரிசனம் கிடைத்தது என்கிறார்கள். அறையில் இருந்த ஃபைலோ டிப்பிள் பின்னாளில் சொன்னது: ரிக்டன் வெளிறித் துவண்டுபோய்விட்டார், ஸ்மித்தோ சிரித்தபடி, சிட்னிக்கு என்னைப்போல் இதெல்லாம் பழக்கமில்லை என்றாராம். எனக்குப் பிடித்த இடம் அது.

சரி, சொல்லுக்கு வருவோம். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், 15ஆம் அதிகாரம். அதில் மேனிகள் இரண்டு வகைதான்: வானத்துக்குரியவை, பூமிக்குரியவை. ஆங்கில பைபிளில் செலஸ்டியல், டெரஸ்ட்ரியல். ஆனால் அடுத்த வசனத்திலேயே சூரியன், சந்திரன், நட்சத்திரம் என மகிமை மூன்றாகிவிடுகிறது. சூரியனுக்கு செலஸ்டியல், சந்திரனுக்கு டெரஸ்ட்ரியல் என்று கொடுத்துவிட்டால் நட்சத்திரத்துக்குப் பெயர் மிச்சமில்லை. அந்தக் காலியிடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் டெலஸ்டியல். தன் பைபிள் திருத்தத்தில் 40ஆம் வசனத்திலும் ஸ்மித் அதைச் சேர்த்தார். ஏன் அந்தச் சொல் என்று அவர் விளக்கவில்லை. முடிவு என்று பொருள்படும் ‘டெலோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லோடு முடிச்சுப்போடுகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ டெரஸ்ட்ரியலின் தலையும் செலஸ்டியலின் வாலும் ஒட்டிக்கொண்டதாகவே காதில் விழுகிறது.

நரகமா என்றால், இல்லை. பொய்யர், சூனியக்காரர், விபசாரக்காரர் போகும் இடம்தான். ஆனால் அவர்கள் நரகத்தில் கிடந்து கடைசி உயிர்த்தெழுதலில் வெளியே வந்த பிறகு கிடைப்பது அது. பிதா அங்கே வருவதில்லை. இருந்தும் அதன் மகிமை மனித அறிவுக்கு எட்டாதது என்கிறது அந்தத் தரிசனத்தை எழுதிவைத்த பதிவு. எந்த மகிமையும் கிடைக்காதவர்கள் ‘கேட்டின் மக்கள்’, அதாவது உண்மையை நன்றாக அறிந்தும் அதை மறுதலித்தவர்கள், மட்டுமே. பாவிக்கும் சொர்க்கமா என்று அன்றைய மார்மன்களே திகைத்திருக்கிறார்கள். தான் வளர்ந்த நம்பிக்கைக்கு இது நேர்விரோதமாக இருந்ததாகவும், மறுக்காமல் பொறுத்திருந்ததாகவும் ஸ்மித்துக்குப் பிறகு தலைவரான பிரிகம் யங் சொல்லியிருக்கிறார்.

அப்புறம், நாம் வாழும் இந்த உலகத்தின் இப்போதைய நிலையையும் மார்மன்கள் டெலஸ்டியல் என்பதுண்டு. ஆவணப்படத்தில் அப்படி எங்காவது வந்திருந்தால் குழம்ப வேண்டாம்.